சைக்கிள் குழுக்களை நடத்துவோருக்கு: தனுஷ்கோடிப் பயணத்தை 11 நாளாக்குங்கள்

அன்புள்ள அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். திருவான்மியூரில் கிளம்பி, கிழக்குக் கடற்கரையை ஒட்டியே தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை சைக்கிளில் ஆட்களை அழைத்துப் போகிறவர்கள் நீங்கள். கோடியக்கரைக்குப் போய்வருவதையும் சேர்த்தால் ஏறக்குறைய 650 கிலோமீட்டர். இதை 4 நாளிலும் 5 நாளிலும் முடிக்கும் திட்டங்களே பெரும்பாலும் கண்ணில் படுகின்றன. இதே சாலையில் சைக்கிள் மிதிப்பவர்களும், சைக்கிள் பழுது பார்ப்பவர்களும், கடலாமை முட்டையிடும் காலத்தில் இரவில் கரையோரம் நடப்பவர்களுமாகச் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். கேட்பது ஒன்றுதான். இந்தப் பயணத்தின் நாட்குறிப்பைக் காற்றும் உயிரினங்களும் எழுதட்டும். தூரம் அதற்குள் தானாக அடங்கும்.

முதலில் காற்று. கடலோர மக்கள் காற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்: வாடை, கொண்டல், கச்சான், சோழகம். ஐப்பசி, கார்த்திகை மழையும் புயலும் ஓய்ந்து தை பிறந்ததும் வடகிழக்கிலிருந்து வாடை சீராக வீசும். நம் கடற்கரையோ வடக்கிலிருந்து தெற்காக ஓடுகிறது. ஆகவே தை நடுவிலிருந்து மாசி முடியும் வரை சென்னையிலிருந்து தெற்கே போகிறவருக்கு முதுகில் காற்று. பங்குனி வந்தால் காற்று திரும்பித் தென்கிழக்கிலிருந்து முகத்தில் அடிக்கும். ஆனி, ஆடியில் மேற்குக் காற்றான கச்சான் ராமநாதபுரம் கரையில் மணலை அள்ளிச் சாலையின் குறுக்கே கொட்டும்; அப்போது மண்டபத்துக்கு அப்பால் மணிக்கு 8 கிலோமீட்டர் மிதிப்பதே பெரிய காரியம். கோடை விடுமுறை என்பதற்காக மே மாதத்திலும், சுதந்திர தின விடுமுறை என்பதற்காக ஆகஸ்டிலும் வைக்கும் பயணங்களில் பாதிப் பேர் நாகப்பட்டினத்துக்கு முன்பே வேனில் ஏறுவதற்குக் காரணம் அவர்கள் காலில் பலம் இல்லாதது அல்ல. எதிர்க்காற்றில் ஒருவர் செலவிடும் உழைப்பு வேகத்தைவிடப் பல மடங்கு வேகமாக ஏறுகிறது. இருபுறமும் பை தொங்கும் சைக்கிளில் அது இன்னும் மோசம்.

அதே தை, மாசியில்தான் கடற்கரையும் உயிரோடு இருக்கிறது. மரக்காணம் உப்பளங்களிலும் பக்கத்துக் கழுவெளி ஏரியிலும் கோடியக்கரைச் சதுப்பிலும் வலசைப் பறவைகள் நிற்கும். பங்குனி ஆமை கரையேறி முட்டையிடும். காற்றும் விலங்குகளும் ஒரே காலத்தைக் கைகாட்டும்போது வேறு மாதத்தைத் தேர்ந்தெடுக்க நியாயமான காரணம் ஏதும் எங்களுக்குத் தெரியவில்லை. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பொங்கலை ஒட்டிய நான்கு நாளும், காணும் பொங்கலன்றும் மாமல்லபுரம் வரையிலான சாலையில் சைக்கிளுக்கு இடமே இருக்காது. ஜனவரி 20-க்குப் பிறகு கிளம்புங்கள்.

இப்போது ஆமை. ஆலிவ் ரிட்லி என்று நூல்களில் வரும் ஆமையை மீனவர்கள் பங்குனி ஆமை என்பார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் கரையேறி, பின்துடுப்புகளால் குடம் போலக் குழி தோண்டி, 100 முதல் 120 முட்டை வரை இட்டு மூடிவிட்டுத் திரும்பும். 45 முதல் 60 நாளில் குஞ்சு வெளிவரும். குஞ்சுக்குத் தெரிந்த வழி ஒன்றே: இருட்டில் எங்கே வெளிச்சமோ அங்கே கடல். மனிதர் இல்லாத கரையில் அலைமேல் விழும் வானவெளிச்சமே மிகப் பிரகாசமானது. நம் டார்ச்சும் கைப்பேசியும் அதைத் தலைகீழாக்கிவிடுகின்றன.

சாலையில் போகும் உங்கள் சைக்கிள் விளக்கு ஆமைக்குப் பெரிய தொந்தரவு இல்லை. பல இடங்களில் சாலைக்கும் மணலுக்கும் நடுவே சவுக்குத் தோப்பும் வீடுகளும் இருக்கின்றன. சிக்கல் எங்கே என்றால், அதிகாலை 3 மணிக்குக் கிளம்பிய 40 பேர் சூரிய உதயம் பார்க்கக் கோவளத்திலோ அதற்குத் தெற்கேயோ 5 மணிக்கு மணலில் இறங்கி, ஹெல்மெட் விளக்குகளைக்கூட அணைக்காமல் படம் எடுப்பதில். கரைக்கு வரும் தாய் ஆமை வெளிச்சத்தையும் ஆள் நடமாட்டத்தையும் கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். குழி தோண்டத் தொடங்கிய நேரத்தில் கலைந்தால் அந்த இரவின் உழைப்பு முழுதும் வீண். ஆகவே ஜனவரி முதல் மார்ச் வரை இருட்டில் கடற்கரை மணலில் இறங்குவதை உங்கள் திட்டத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். கூடாரம் போட்டுத் தங்குவதும் இதில் அடக்கம். ஆமை பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்குச் சென்னையில் 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு இரவு நடை நடத்திவருகிறது. அதில் சேர்ந்து, அவர்கள் சொல்படி நடந்து பார்க்கலாம்.

வழி தவறிய குஞ்சு சாலையோரம் கிடந்தால் அதற்கும் முறை உண்டு. கையில் வெயில் களிம்பு இருந்தால் ஈர மணலில் தேய்த்துத் துடைத்துக்கொள்ளுங்கள். ஓட்டின் இரு ஓரத்தையும் மெல்லப் பிடித்துத் தூக்கி, அலை தொடும் ஈர மணலுக்குச் சில அடி முன்பாகக் கடலைப் பார்த்து விடுங்கள். தண்ணீரில் வீசக் கூடாது. அந்தக் கடைசி அடிகளை அது தானே நடக்க வேண்டும். ஒரு குஞ்சு இருந்தால் பக்கத்தில் இன்னும் பல இருக்கும். விளக்கை அணைத்துவிட்டு, உடனே அந்தப் பகுதி வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். மாவட்டந்தோறும் அந்த எண்ணைப் பயணத்துக்கு முன்பே ஒவ்வொருவர் கைப்பேசியிலும் ஏற்றிவிடுவது உங்கள் வேலை. செத்து ஒதுங்கிய ஆமைகளையும் பார்ப்பீர்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் அவை நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. ஆமை நுரையீரலால் மூச்சு விடும் பிராணி. இழுவலைக்குள் சிக்கி மேலே வர முடியாமல் மூச்சுமுட்டிச் சாகிறது. தொடாமல், ஓட்டின் நீளம் தெரிய ஒரு படமும், இடமும் நேரமும் குறித்து அனுப்பினால் கணக்கெடுப்பவர்களுக்கு அது உண்மையிலேயே பயன்படும்.

நாள் கணக்குக்கு வருகிறோம். முதல் நாள் மாமல்லபுரத்தோடு நிறுத்துங்கள், 50 கிலோமீட்டர். மறுநாள் புதுச்சேரி, 95. வழியில் மரக்காணத்தில் ஒரு மணி நேரமாவது வேண்டும். கழுவெளி 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2024-இல் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. மூன்றாம் நாள் சிதம்பரம். நான்காம் நாள் காலை பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுக்குள் துடுப்புப் படகு, பிறகு கொள்ளிடம் தாண்டித் தரங்கம்பாடி. ஐந்தாம் நாள் காரைக்கால், நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணி. ஆறாம் நாள் வேதாரண்யம். ஏழாம் நாள் முழுவதும் கோடியக்கரைக்கு. எட்டாம் நாள் முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம். ஒன்பதாம் நாள் மல்லிப்பட்டினம் அருகே மனோரா கோட்டையைப் பார்த்துவிட்டு மணமேல்குடி, மீமிசல் வழியாகத் தொண்டி. பத்தாம் நாள் தேவிபட்டினம், ராமநாதபுரம் வழியாக மண்டபம். பதினோராம் நாள் பாம்பன், ராமேஸ்வரம், தனுஷ்கோடி. சராசரி 60 கிலோமீட்டரை ஒட்டி வருகிறது. காலை 6 மணிக்கு வெளிச்சம் வரும் நேரத்தில் கிளம்பினால், சாப்பாட்டு நேரம் போக, கடற்காற்று பலப்படும் பிற்பகலுக்குள் பெரும்பாலான நாட்களில் ஊர் சேர்ந்துவிடலாம்.

200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்கும் பிரெவே ஓட்டங்களை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. அதற்கு வேறு சாலைகள் இருக்கின்றன. கடலோரச் சாலையில் அந்தியிலும் விடியலிலும் மிதிப்பவர் மனிதரை மட்டும் சந்திப்பதில்லை. பகல் முழுதும் சூடேறிய தாரின் மேல் கண்ணாடி விரியன் வந்து படுக்கும். நரியும் காட்டுப்பன்றியும் சாலை கடக்கும். மாடுகள் நடுச்சாலையில் அசைபோடும். 25 கிலோமீட்டர் வேகத்தில் வரும் உங்கள் விளக்கு காட்டித்தருவது நாலைந்து நொடித் தூரத்தைத்தான்.

குழுவின் அளவு அதைவிட முக்கியம். 40 பேரை ஒரே கூட்டமாக ஓட்டாதீர்கள். 6 பேர் ஒரு தொகுதி, தொகுதிக்கும் தொகுதிக்கும் அரை மணி இடைவெளி, முன்னே ஒருவர், கருவிப்பையோடு கடைசியில் ஒருவர். டெல்டாவில் இது ஏன் தேவை என்று சம்பா அறுவடைக் காலத்தில் போனால் தெரியும். சிதம்பரத்திலிருந்து வேதாரண்யம் வரை பல ஊர்களில் சாலையின் ஒரு பாதியில் நெல் காயும். அது ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம். அதன்மேல் ஏற்றாதீர்கள். எதிரே பேருந்து வந்தால் இறங்கித் தள்ளுங்கள். 6 பேர் இறங்கி நின்றால் ஒரு நிமிடம். 40 பேர் நின்றால் சாலையே நின்றுவிடும். சாலையில் சிந்திய வைக்கோலும் சும்மா இருக்காது. பின்சக்கரத்தின் பல்சக்கரங்களுக்கும் கம்பிகளுக்கும் நடுவே சுற்றிக்கொண்டு கியர் மாற்றியை உள்ளே இழுத்து முறித்துவிடும். கரகரவென்று சத்தம் வந்த உடனே மிதிப்பதை நிறுத்த வேண்டும். இன்னும் நாலு மிதி மிதித்துப் பார்ப்போம் என்று போனவர்களுக்குத்தான் கியர் மாற்றியைப் பிடித்திருக்கும் தாங்கி வளைகிறது.

மீன் லாரியையும் சொல்ல வேண்டும். கடலூர், நாகப்பட்டினம் போன்ற துறைமுக ஊர்களை விட்டு வெளியே வரும் லாரிகளிலிருந்து பனிக்கட்டி உருகி, மீன் கொழுப்பும் உப்பும் கலந்த தண்ணீர் ஒழுகிக்கொண்டே போகும். ரவுண்டானாக்களிலும் வளைவுகளிலும் அது கோடாக விழுந்திருக்கும். காய்ந்த சாலை போலவே தெரியும், சக்கரம் ஏறினால் எண்ணெய். வளைவில் அந்தக் கோட்டின்மேல் பிரேக் பிடிக்கக் கூடாது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, சைக்கிளைச் சாய்க்காமல் கடக்க வேண்டும்.

சிதம்பரம் வட்டாரத்தில் பழைய கொள்ளிடத்திலும் அதை ஒட்டிய வாய்க்கால்களிலும் முதலைகள் உண்டு. ஊர்க்காரர்களே மாட்டையும் ஆட்டையும் இழந்திருக்கிறார்கள், ஆட்களும் தாக்கப்பட்டிருக்கிறார்கள். குளிக்கவோ, சைக்கிள் கழுவவோ, படித்துறை இருக்கிறதே என்று காலை நனைக்கவோ விடாதீர்கள். ஊரார் குளிக்கும் இடத்தைக் கேட்டு அங்கே மட்டும் குளிக்கலாம்.

கோடியக்கரை. இந்த மடலை எழுதத் தூண்டியதே இந்த ஊர்தான். வெளிமானுக்காக 1967-இல் சரணாலயமானது, 2002-இல் ராம்சர் தலமானது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது இந்தக் காடு மரங்களையும் மான்களையும் இழந்தது. வேதாரண்யத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கம் சதுப்பு, பிறகு குட்டையான பசுமைமாறாக் காடு. சோதனைச் சாவடியில் நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு பகலில் மட்டும் உள்ளே போகலாம். டிரோனை வேதாரண்யம் விடுதியிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

வெளிமான் கூட்டம் சாலையைக் கடக்கும் விதத்தைக் கவனித்தால் நாம் எங்கே நிற்க வேண்டும் என்பது புரிந்துவிடும். முதலில் ஒரு பெட்டை வந்து சாலையோரம் நிற்கும். காதுகள் நம் பக்கம் திரும்பும். சில நொடி கழித்துக் கடக்கும். பின்னால் ஒவ்வொன்றாக, சில துள்ளியும் சில நடந்தும் வரும். முறுக்குக் கொம்பும் கறுத்த முதுகுமாய்க் கடா பெரும்பாலும் கடைசியில். நாலைந்து கடந்ததும் முடிந்துவிட்டது என்று நினைத்து நீங்கள் மிதித்தால் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். அந்தப் பக்கம் தாய், இந்தப் பக்கம் குட்டி. அதுதான் நடக்கக் கூடாதது. முதல் மான் காதைத் திருப்பியதுமே ஒரு காலை ஊன்றி நில்லுங்கள். கடைசி மான் கடந்து ஒரு நிமிடம் ஆகட்டும்.

சைக்கிள் சத்தமில்லாமல் வருவது நல்லது என்றே எல்லோரும் நினைக்கிறோம். விலங்குக்கு அது நல்லதில்லை. தூரத்தில் கேட்டுக்கொண்டே வரும் ஒலிக்கு அது பழகியிருக்கும். 10 அடியில் திடீரென்று முளைக்கும் உருவத்துக்குப் பழகவில்லை. காட்டுச் சாலையில் பெல் அடிக்க வேண்டாம், இயல்பான குரலில் பேசிக்கொண்டே 10 கிலோமீட்டர் வேகத்தில் போங்கள். புல்வெளியில் இறங்காதீர்கள். புதிதாய்ப் பிறந்த குட்டியைத் தாய் புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டு மேயப் போயிருக்கும். தனியே கிடக்கும் குட்டி கைவிடப்பட்ட குட்டி அல்ல. அதைத் தூக்கிக்கொண்டு போனால்தான் அது தாயை இழக்கும். காட்டுக்குள் திரியும் மட்டக்குதிரைகளுக்குத் தீனி காட்ட வேண்டாம், பின்பக்கமாகப் போகவும் வேண்டாம். குரங்குகள் பையின் ஜிப்பைத் திறக்கும். வாழைப்பழமும் பிஸ்கட்டும் பூட்டிய டப்பாவில் இருக்கட்டும்.

சதுப்பில் பூநாரைகளை நெருங்கிப் பார்க்க எல்லோருக்கும் ஆசை வரும். மாசி வெயிலில் சதுப்பின் மேல் வெள்ளை ஓடு காய்ந்து கிடக்கும், கால் வைத்தால் தாங்கும், சைக்கிள் ஏற்றினால் 20 அடியில் உள்ளே இறங்கிவிடும். கீழே இருப்பது களி. அது மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே நிரம்பிக் காய்ந்தால் செங்கல் மாதிரி. குச்சியால் நோண்டி எடுக்க அரை நாள் போகும். ஆகவே கரையிலேயே நின்று 8 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலரில் பாருங்கள். எவ்வளவு நெருங்கலாம் என்பதைப் பறவையே சொல்லும். தலையைத் தண்ணீருக்குள் விட்டு மேய்ந்துகொண்டிருந்தவை ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கினால் அங்கேயே நில்லுங்கள். நடக்கத் தொடங்கினால் பின்வாங்குங்கள். எல்லாம் ஒன்றாகப் பறந்தால் படம் அழகாக வரும், ஆனால் வலசை திரும்புவதற்காக அது சேர்த்துக்கொண்டிருந்த கொழுப்பிலிருந்து உங்கள் படத்துக்கு விலை கொடுத்திருக்கிறது.

அதிராம்பட்டினத்திலிருந்து மணமேல்குடி வரை சாலையில் விலங்கு எதுவும் பெரிதாகத் தென்படாது. இருந்தும் இடப்பக்கம் கிடக்கும் அந்த அமைதியான கடல் சாதாரணமானதல்ல. 2022-இல் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்ட பாக் விரிகுடாவின் வடபகுதி அது. மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசு கடற்புல்லை மேய்ந்து வாழ்கிறது. கரையிலிருந்து பார்க்க முடியாது. படகில் துரத்திப் பார்க்க யாராவது ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள். வலைகளுக்குள் நடக்கக் கூடாது, காயும் கருவாட்டின் மேல் சைக்கிளைச் சாய்க்கக் கூடாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மணமேல்குடிக்குத் தெற்கே வேறொரு எதிரி: சீமைக்கருவேல முள். ராமநாதபுரம் மாவட்டம் முழுக்க அது சாலையின் இரு ஓரத்திலும் நிற்கிறது. வெட்டிய கிளைகளை விறகு வண்டிகள் ஏற்றிப் போகும்போது முள் தாரில் சிந்தும். நிழலுக்கு ஒதுங்கி மரத்தடியில் சைக்கிளைத் தள்ளிய ஒரு நிமிடத்தில் இரண்டு டயரும் போகும். ஒதுங்க வேண்டுமானால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஒதுங்குங்கள். பஞ்சர் ஒட்டியும் பத்து நிமிடத்தில் மறுபடி காற்று இறங்கினால் காரணம் அநேகமாக ஒன்றே: முள்ளின் நுனி டயருக்குள் முறிந்து தங்கியிருக்கிறது. வெளியே தெரியாது. பஞ்சுத் துணியை டயரின் உட்புறம் சுற்றித் தேய்த்தால் நூல் மாட்டும் இடத்தில் அது இருக்கும், சிறு இடுக்கியால் பிடுங்க வேண்டும். விரலால் தடவாதீர்கள், முள் குத்திய இடம் சீழ் வைக்கும். ஒட்டு உரிந்து வருவதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம். டியூபை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அதன் பளபளப்பு அடங்கி விரலில் ஒட்டாத நிலை வரும்வரை, அதாவது 4, 5 நிமிடம் பொறுத்தே ஒட்டு வைக்க வேண்டும்.

புதுச்சேரிக்குத் தெற்கே கிராமத்து சைக்கிள் கடைகளில் நம் ஊர் வழக்கமான பெரிய சக்கர சைக்கிளுக்கான டியூபும் வால்டியூபும் கிடைக்கும். புதிய கியர் சைக்கிள்களின் 700 சி அளவு டியூபை எதிர்பார்க்கக் கூடாது. மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு அங்கே பம்பு பொருந்தாது. சிறிய பித்தளை அடாப்டர் ஒன்று இருந்தால் பைக் பஞ்சர் கடைகளில் காற்று பிடிக்கலாம். ஆளுக்கு இரண்டு கொடுங்கள், ஒன்று தொலையும். டயர் 32 முதல் 40 மில்லிமீட்டர் அகலம் இருக்கட்டும். 35 மில்லிமீட்டர் டயரில், 70 கிலோ ஆளும் 12 கிலோ சுமையும் என்றால் காற்றழுத்தம் பின்னே 55 முதல் 60 பி.எஸ்.ஐ., முன்னே 45 முதல் 50 போதும். அதற்கு மேல் ஏற்றினால் வேகத்தடை வெள்ளைப் பட்டைகள் ஒவ்வொன்றும் மணிக்கட்டில் அடிக்கும்.

ஆளுக்கு 2 டியூப், தொகுதிக்கு ஒரு மடிக்கும் டயர், செயின் வெட்டி, 2 செயின் இணைப்பு, பிரேக்குக்கும் கியருக்கும் ஒவ்வொரு உள்கம்பி, சக்கரத்தின் அளவுக்கே வெட்டிய 3 ஸ்போக்ஸ் கம்பி. சுமையோடு போகும்போது பின்சக்கரத்தில் செயின் பக்கக் கம்பிதான் முதலில் அறும். அந்தப் பக்கக் கம்பிகள் அதிக இழுவிசையில் செங்குத்தாக நிற்பவை. அதை மாட்டப் பல்சக்கரத் தொகுப்பைக் கழற்றியாக வேண்டும். அந்தக் கருவி இல்லாமல் கம்பி மட்டும் கொண்டுபோய்ப் பயனில்லை.

முதுகுப்பையோடு வருகிறவர்களை முதல் நாளே நிறுத்திப் பேசுங்கள். முதுகில் 3 கிலோவுக்கு மேல் வேண்டாம். கனம் உயரத்தில் இருந்தால் காற்றில் சைக்கிள் ஆடும், முதுகு வேர்வை வெளியேறாமல் உடல் சூடேறும், மூன்றாம் நாள் உட்காரும் இடம் புண்ணாகும். கனமானவை கேரியரின் இருபுறமும் தாழ்வாகத் தொங்கட்டும்.

தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர். மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் குடிக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கண்ணளவில் பாட்டிலில் கொட்டுவது பரவலான தவறு. பெரிய பொட்டலம் சரியாக 1 லிட்டருக்கு, சிறியது 200 மில்லிக்கு. அடர்த்தி கூடினால் அது குடலுக்குள் தண்ணீரை இழுத்து வயிற்றுப்போக்கை அதிகமாக்கும். இளநீரும் உப்புப் போட்ட மோரும் வழியெங்கும் கிடைக்கின்றன.

தெருநாய் துரத்தினால் வேகம் கூட்டுவது ஆபத்து. நாய் ஓடுவதைத்தான் துரத்துகிறது. பிரேக் பிடித்து இறங்கி, நாய்க்கும் உங்களுக்கும் நடுவே சைக்கிளை வைத்து நடங்கள். கடித்தாலோ பல் கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் முதல் ஊசி. பயணம் முடியட்டும் என்று தள்ளிப்போடும் ஆளை நீங்களே வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள். மீதி ஊசிகளின் தேதிகளையும் குறித்து வையுங்கள்.

பாம்பன் சாலைப் பாலம், 1988-இல் திறந்தது, நீளம் 2 கிலோமீட்டருக்கு மேல். பக்கத்து ரயில் பாலத்தில் காற்று வரம்பைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். தை, மாசியில் ராமேஸ்வரம் நோக்கிப் போகும்போது வாடை இடப்பக்க முன்னிருந்து அடிக்கும். அது சைக்கிளைச் சாலையின் நடுவுக்குத் தள்ளும். பின்னால் வந்து முந்தும் பேருந்து தள்ளும் காற்றில் ஒரு நொடி, இடப்புறம் சாய்ந்திருந்த நீங்கள் கைப்பிடிச் சுவர் பக்கம் போவீர்கள். அது கடந்ததும் மறுபடி நடுவுக்கு வருவீர்கள். ஒருவர் பின் ஒருவராக 10 மீட்டர் விட்டு, கையைத் தளர்த்திப் பிடித்து ஓட்ட வேண்டும். பாலத்தின் இணைப்புகளில் உள்ள இரும்புத் தகடுகள் நனைந்தால் வழுக்கும், நேராகக் கடக்க வேண்டும். பாலத்தின் மேல் நின்று படம் எடுக்க யாரையும் விடாதீர்கள். நின்ற சைக்கிளை அந்தக் காற்று சாய்க்கும்.

1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரை 2017 முதல் தார்ச்சாலை இருக்கிறது. இருட்டுவதற்கு முன்பே எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஆகவே காலையில் போங்கள். ராமேஸ்வரத்திலிருந்து போகும் வழியில் நீர்ப்பரப்புகளில் பூநாரை நிற்கும். அந்தப் பகுதி 2025-இல் பூநாரைச் சரணாலயமாகிவிட்டது. இதுவரை கோடியக்கரைக்குச் சொன்ன அத்தனையும் இங்கும் பொருந்தும். சாலையின் இரு பக்கமும் கடல் என்பதால் அலைத்துளி சைக்கிள் முழுக்கப் படியும்.

அந்த உப்பை அன்று மாலையே கழுவ வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் செயினில் செம்மண் நிறம் ஏறிவிடும், கம்பிகளின் நிப்பிள் இறுகி அடுத்த முறை திருப்பும்போது முறியும். ஒரு வாளி நல்ல தண்ணீர், ஒரு ஸ்பாஞ்சு, ஒரு பழைய துணி போதும். சர்வீஸ் கடையில் வேகமாகப் பீய்ச்சும் பைப்பைக் காட்டாதீர்கள். அது உப்புத் தண்ணீரை ஹப்புக்குள்ளும் பெடல் அச்சுக்குள்ளும் செலுத்திவிடும். துடைத்து, காயவிட்டு, செயினின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, 10 நிமிடம் கழித்து வெளியே இருப்பதைத் துடைத்துவிடுங்கள். டிஸ்க் பிரேக் உள்ளவர்கள் தட்டில் எண்ணெய் படாமல் துணியால் மூட வேண்டும்.

ராமேஸ்வரத்திலிருந்து ரயிலில் சைக்கிளை அனுப்புகிறவர்கள் வண்டி புறப்பட நேரம் இருக்கும்போதே பார்சல் அலுவலகத்துக்குப் போகட்டும். ஹேண்டில்பாரைத் திருப்பி, காற்றைப் பாதியாக இறக்கி, கியர் மாற்றிக்கு அட்டை கட்டி, பெடல்களைக் கழற்ற வேண்டும். இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழ். கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும்.

அடுத்த தைக்கான அறிவிப்பை நீங்கள் ஐப்பசியிலேயே வெளியிட்டுவிடுவீர்கள். அதற்கு முன் இந்த மடலைப் படித்து, நாளையும் தொகுதி அளவையும் மாற்றி எழுதுங்கள். தேதி முடிவானதும் கோடியக்கரைக்கு எந்த நாள், எத்தனை பேர் என்பதை அங்குள்ள வனச்சரக அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கிழக்குக் கடற்கரையில் சைக்கிள் மிதிக்கும் சிலர்